பெட்டி ராட்டையும் கம்பிச்சீப்பும்: கலப்பு நூல் நூற்கத் தாங்குமா?

பெரிய அகராதி ஒன்றை மூடிவைத்தது போன்ற மரப்பெட்டி. கொக்கியைத் தட்டித் திறந்தால் ஒரு பாதியில் கைப்பிடி வைத்த பெரிய சக்கரமும் அதை ஒட்டிச் சின்னச் சக்கரமும் இருக்கும். மறு பாதியில் கதிரை, அதாவது நூலை முறுக்கிச் சுற்றிக்கொள்ளும் கூரிய கம்பியைத் தாங்கும் கட்டை, உபரிக் கதிர்கள் வைக்க ஒரு பள்ளம். காந்தி எரவாடா சிறையில் இருந்த காலத்தில் உருப்பெற்றதால் அந்நாளில் இதற்கு எரவாடா சக்கரம் என்று பெயர். இன்று கதர்க் கடைகளிலும் ஆன்லைனிலும் பெட்டி ராட்டை என்று விற்பது ஏறக்குறைய அதே அமைப்புதான்.

இங்கே மதிப்பிடுவது புத்தக அளவிலான பெட்டி ராட்டை ஒன்றையும், பஞ்சு வாருவதற்கென்று தனியாக விற்கும் ஒரு ஜோடி கம்பிச்சீப்பையும். தனிப் பருத்தி, பருத்தியும் எரிப் பட்டும், பருத்தியும் இலவம்பஞ்சும், ஆட்டு ரோமம் என்று நான்கு விதமாக இதில் நூற்றுப் பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தனிப் பருத்திக்கு இந்தப் பெட்டியை மிஞ்ச வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய கருவி வேறில்லை. எரிப் பட்டு முப்பது சதவீதம் வரை அழகாகக் கலக்கும். இலவம்பஞ்சு, பொறுமை உள்ளவர்களுக்கு. ரோமம் வேண்டவே வேண்டாம். கையில் இருக்கும் பணத்தை எல்லாம் பெட்டியில் கொட்டிவிட்டுச் சீப்பில் மிச்சம் பிடிப்பவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது கட்டி கட்டியான நூல்தான்.

முதலில் பெட்டி. வாங்கும்போது மரத்தின் மெருகைப் பார்க்க வேண்டாம். கதிரை எடுத்துக் கண்ணாடி மேஜையில் உருட்டுங்கள். நேரான கதிர் சத்தமில்லாமல் ஓடும். வளைந்த கதிர் தத்தித் தத்திப் போகும், மேஜைக்கும் கதிருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்து மறையும். வளைந்த கதிரில் நுனி வட்டமடிக்கும். நூல் ஒவ்வொரு சுற்றுக்கும் வெட்டி இழுபடும். மெல்லிய இடத்தில் அறுந்துவிடும். புதிதாக நூற்பவர்கள் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்ளும் பாதி நேரம் குற்றம் கதிரில்தான் இருக்கிறது. பெட்டியோடு வரும் கதிர்கள் அத்தனையும் நேராக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு நல்ல கதிர் தேறினால் போதும், வேலை நடக்கும்.

அடுத்து வேகம். பெரிய சக்கரத்தின் பள்ளம் 18 செ.மீ. விட்டம், அது ஓட்டும் சிறு உருளை 3 செ.மீ. என்றால் அங்கே ஆறு மடங்கு. இரண்டாம் சக்கரம் 13 செ.மீ., கதிரில் கயிறு ஓடும் இடம் 8 மி.மீ. என்றால் இன்னொரு பதினாறேகால் மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 97. கயிறு சறுக்குவது போக, கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் கதிர் 90 சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். விற்பவர் சொல்லும் எண்ணை நம்பாமல் ஓர் அளவுகோலை வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். நூலின் முறுக்குக் கணக்கு முழுவதும் இந்த எண்ணில்தான் நிற்கிறது.

கணக்கு இதுதான். பருத்தி நூலுக்கு ஓர் அங்குலத்தில் எத்தனை முறுக்கு வேண்டும் என்றால், நூல் நம்பரின் (நூல் மெல்லிசாக ஆக இந்த நம்பர் ஏறும்) வர்க்கமூலத்தை நாலரையால் பெருக்க வேண்டும். 20ஆம் நம்பருக்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 4.5, பெருக்கினால் அங்குலத்துக்கு 20 முறுக்கு. கையை நீட்டி ஒரு தடவை இழுக்கும் நூல் 60 செ.மீ., அதாவது ஏறக்குறைய 24 அங்குலம். மொத்தம் 470 முறுக்குக்கு மேல். 90ஆல் வகுத்தால் ஐந்தேகால் சுற்று. 40ஆம் நம்பருக்கு ஏழரைச் சுற்று, 10ஆம் நம்பருக்கு நாலுக்குக் கொஞ்சம் குறைவு. இழுக்கும்போது இரண்டு மூன்று சுற்று போய்விடும். மீதியைக் கை நிறுத்திய பிறகு கொடுக்க வேண்டும். மிச்சச் சுற்றை மறந்தால் நூல் பார்க்க நன்றாக இருக்கும், தறிக்குப் போனதும் பஞ்சாகப் பிரியும்.

பெட்டியின் பெரிய பலவீனம் கயிறு. கூடவே தரும் கயிற்றில் முடிச்சு துருத்திக்கொண்டு இருக்கும். அது கதிரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துள்ளல். முதல் நாளே கழற்றிவிட்டு, நல்ல முறுக்கேறிய பருத்திக் கயிறாகப் போடுங்கள். முனைகளை முடிச்சிடாமல் ஒரு செ.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஊசியால் தைத்துவிட்டால் துள்ளாது. மழைக்காலத்தில் ஈரம் பட்டுக் கயிறு சுருங்கி இறுகும், கைப்பிடி கனக்கும். வெயிலில் தளர்ந்து சறுக்கும். சறுக்கினால் குங்கிலியப் பொடியை விரலில் தொட்டு லேசாகத் தடவலாம். எண்ணெய் கதிர் தாங்கிக்கும் அச்சுக்கும் மட்டும்தான். அதுவும் தையல் மெஷின் எண்ணெய், ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துகொள்ளும், பஞ்சுத் தூசியோடு சேர்ந்து களிம்பாகும். கயிற்றில் எண்ணெய் பட்டுவிட்டால் துடைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

பெட்டி லேசு என்பதால் சுற்றும் வேகத்தில் தரையில் நகரும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போதும். மேஜைமேல் வைத்தும் நூற்கலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நூற்கலாம்தான், ஆனால் இடது கையைப் பின்னோக்கி முழுவதும் நீட்டி இழுக்க இடம் கிடைக்காது. சம்மணமிட்டு உட்கார முடியாதவர்கள் தாழ்வான முக்காலியில் பெட்டியை வைத்துப் பார்க்கலாம்.

இனிச் சீப்பு. சீப்பு என்றால் தலை வாரும் சீப்பு அல்ல. கைப்பிடி வைத்த பலகையில் வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்தது. ரோமத்துக்கு விற்கும் ஜோடியில் ஒரு சதுர அங்குலத்துக்கு 72 கம்பி இருக்கும். அதில் பருத்தியை வாரினால் பஞ்சு கம்பிகளுக்கு நடுவே நழுவி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பருத்திக்குக் குறைந்தது நூற்றுக்கு மேல். 190க்கு மேல் உள்ள நுண்சீப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. நாய்க்கு ரோமம் வாரும் கம்பித் தூரிகை இரண்டை வாங்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. பழகிப் பார்க்க அது போதும். ஆனால் அந்தக் கம்பிகள் சீக்கிரம் ஒருபக்கம் சாய்ந்துவிடும், அரைக் கிராமுக்கு மேல் தாங்காது.

ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிராம் பஞ்சு, அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். இடது சீப்பில் மெல்லிசாகப் பரப்பி, வலது சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து உள்ளே உள்ளே வர வேண்டும். கம்பியும் கம்பியும் உரசக் கூடாது. நறநறவென்று சத்தம் கேட்டால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். நாலைந்து வாரலில் பஞ்சு மேகம் போலப் பரவியிருக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதிகம் வாரினால் நல்லது என்ற நினைப்புதான் இந்தத் தொழிலில் அதிகம் கெடுப்பது. மிஞ்சி வாரிய பஞ்சில் இழைகள் அறுந்து சுருண்டு, மில்காரர்கள் நெப்ஸ் என்று சொல்லும் குருணை உருவாகும். அதைத் திரும்ப வாரி எடுக்க முடியாது. நூலில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், சாயம் போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். வாரியதை ஒரு பின்னல் ஊசியில் தளர்வாகச் சுருட்டி, பலகையால் ஒருமுறை உருட்டி, ஊசியை உருவினால் விரல் தடிமனில் பட்டை தயார். ஒரு கிராம் பட்டை 20ஆம் நம்பரில் ஏறக்குறைய 34 மீட்டர் நூல் தரும்.

எந்தப் பஞ்சு? மருந்துக்கடைப் பஞ்சைத்தான் பலர் முதலில் கையில் எடுக்கிறார்கள். அதை வெளுத்து, பருத்தி இழைமேல் இயல்பாக உள்ள மெழுகை எடுத்திருப்பார்கள். அந்த மெழுகு இருந்தால்தான் இழை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அது போனால் இழுக்கும்போது கொத்தாக வரும், பிறகு பட்டென்று அறும். மெத்தைக்கடைப் பஞ்சில் பெரும்பகுதி மில் கழிவு, இழை குட்டை. பேலில், அதாவது பெரிய பொதியில், அழுத்திய பஞ்சு தப்பில்லை, ஆனால் வெயிலில் கொஞ்சம் காயவைத்துக் கையால் பிய்த்துத் தளர்த்த வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்தது கொட்டையோடு உள்ள பருத்தியை வாங்கி, பலகைமேல் இரும்புக்கம்பியை உருட்டிக் கொட்டை நீக்குவது. மூன்று பங்கு பருத்திக்கு ஒரு பங்கு பஞ்சுதான் தேறும். 100 கிராம் பஞ்சுக்கு 300 கிராம் வாங்குங்கள்.

கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை, கொஞ்சம் முரடு. 10 முதல் 20ஆம் நம்பர் வரை நிம்மதியாக நூற்கலாம். 1968இல் கோவையில் வெளியான எம்.சி.யு.5 ரகம் முப்பது மி.மீ.யை ஒட்டிய இழை. 40 வரை போகலாம். சுவின் ரகம் 1974இல் வந்தது, சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு பருத்தி ரகங்களைக் கலந்து பிறந்தது. மில்லில் அது நூறாம் நம்பருக்கு மேல் போகிறது என்பதற்காகப் பழகுகிறவர்கள் அதில் ஆரம்பிக்க வேண்டாம். நீள இழை கையை ஏமாற்றும், முறுக்கு போதாத நூலும் அறாமல் வந்துகொண்டே இருக்கும். பிழை தறியில்தான் தெரியும்.

கலப்புக்கு வருவோம். எரிப் பட்டுப்புழு ஆமணக்கு இலையிலும் மரவள்ளி இலையிலும் வளரும். அதன் கூட்டில் ஒரு முனை திறந்திருப்பதால் மல்பெரிப் பட்டைப் போல ஒரே இழையாக உரிக்க முடியாது, நூற்றுத்தான் ஆக வேண்டும். அஸ்ஸாமிலும் மேகாலயாவிலும் தக்ளியில் (கையால் சுழற்றும் சின்னக் கதிர்) நூற்பது அதனால்தான். கூட்டை வாங்கினால் முதலில் பசை நீக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சோப்பு, 2 கிராம் சலவைச் சோடா, ஒரு மணி நேரக் கொதி. விரலால் இழுத்தால் கூடு நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். சோடாவைக் கூட்டினால் சீக்கிரம் வெந்துவிடும் என்று அள்ளிப் போடாதீர்கள், காரம் பட்டு இழையை அரிக்கும்; மினுமினுப்பு போய் நார்போல ஆகிவிடும். மூன்று நான்கு தண்ணீரில் அலசி, ஈரத்தோடு விரித்து, நிழலில் உலர்த்துங்கள்.

அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: வெட்டுவது. எரி இழை நீளம். பருத்தி முப்பது மி.மீ. என்றால் எரியை 35 முதல் 40 மி.மீ. துண்டுகளாகக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டாமல் சீப்பில் ஏற்றினால் நீண்ட இழை இரண்டு கம்பிகளுக்கு நடுவே மடிந்து சுருளும். நூற்கும்போது பருத்தி தனியாக நழுவும், பட்டு தனியாக இழுபடும். இடையிடையே பளபளவென்று கட்டி விழும். அழகான பட்டு இழையை வெட்ட மனசு வராதுதான்.

70 பங்கு பருத்தி, 30 பங்கு எரி. ஒன்றரைக் கிராமுக்கு 1.05 கிராமும் 0.45 கிராமும். நகைத் தராசு, 0.01 கிராம் காட்டுவது, அவசியம். கண்ணளவில் கலந்தால் பட்டைக்குப் பட்டை மினுமினுப்பு மாறித் துணியில் வரி வரியாகத் தெரியும். சீப்பில் பருத்தி ஓர் அடுக்கு, மேலே எரி மெல்லிய அடுக்கு, மறுபடி பருத்தி. மூன்று வாரல், எடுத்து நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மறுபடி இரண்டு வாரல். முறுக்குக் கணக்கில் நாலரைக்குப் பதில் நாலு போட்டாலும் நூல் நிற்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும். எரி பாதிக்கு மேல் போனால் இந்தச் சீப்பும் இந்தக் கதிரும் ஒத்துழைக்காது. அப்போது தக்ளியே மேல்.

வறண்ட நாளில் பட்டு மின்னூட்டம் ஏறிச் சிலிர்த்து நிற்கும், சீப்பைவிட்டுக் கையில் ஒட்டும். தண்ணீரைப் புகை போலத் தெளித்து ஐந்து நிமிடம் மூடிவைத்தால் அடங்கிவிடும். மில்களில் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த அத்தனை செலவு செய்வதும் இதற்குத்தான். வீட்டில் நூற்பவர்களுக்குக் காலை வேளை செலவில்லாத வழி.

இலவம்பஞ்சு வேறு சாதி. இழை உள்ளே கூடானது, மேலே மெழுகு வழவழப்பு, பருத்தி இழையில் உள்ள இயற்கையான திருகல் இதில் கிடையாது. திருகல் இல்லாததால் முறுக்கைப் பிடித்துக்கொள்ளாது. இருபது சதவீதத்தைத் தாண்டினாலே நூலிலிருந்து உதிர ஆரம்பிக்கும். முறுக்குக் கணக்கில் நாலரையை ஐந்தாக ஏற்றுங்கள், 12ஆம் நம்பரை விட மெல்லிசாகப் போகாதீர்கள். மூக்கில் முகக்கவசம், மின்விசிறி நிறுத்தம், இரண்டும் கட்டாயம். கிடைக்கும் நூல் லேசானது; ஊடைக்கு, அதாவது துணியின் குறுக்கு இழைக்கு மட்டும்தான் ஆகும். வாழை நாரும் இயற்கை நார் என்ற பட்டியலில் விற்கிறது. அனகாபுத்தூர் நெசவாளர்கள் அதை நெய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது நார், பஞ்சு அல்ல. பெட்டி ராட்டையில் மற்ற பஞ்சோடு வாரிக் கலக்கும் பொருளாக அதை விற்பவரிடம் நூற்றுக் காட்டச் சொல்லுங்கள்.

ரோமத்துக்கு ஏன் வேண்டாம் என்றோம்? கணக்குதான் காரணம். ரோம நூலுக்கு முறுக்கு குறைவு. 6ஆம் நம்பரில் அங்குலத்துக்கு ஆறு இருந்தால் போதும். இந்தப் பெட்டியில் அது 60 செ.மீ.க்கு ஒன்றரைச் சுற்றிலேயே வந்துவிடும். இழுப்பதற்குள் முறுக்கு ஏறிக் கம்பிபோல ஆகிவிடும். கதிரும் ரோம நூலின் பருமனுக்குச் சீக்கிரம் நிறைந்துவிடும்.

நூற்கும் முறையில் இந்தப் பெட்டி கேட்கும் மூன்று படிகள் உண்டு. முறுக்கும்போது நூல் கதிர் நுனியிலிருந்து சாய்வாக, நாற்பத்தைந்து பாகையை ஒட்டி நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நுனியிலிருந்து டக்கென்று வழுக்கி விழுந்து முறுக்கு ஏறும். நீளம் முடிந்ததும் சக்கரத்தைக் கால் சுற்று பின்னோக்கித் திருப்பி நுனியில் சுற்றியிருப்பதை அவிழ்க்க வேண்டும். பிறகு நூலைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக்கொள்ள வேண்டும். அவிழ்க்காமல் சுற்றினால் கண்டின் (கதிரில் சுற்றிச் சேர்ந்த நூலின்) நுனியில் சுருள் சிக்கி, அதைச் சிட்டமாக (நூல் வளையமாக) சுற்றும்போது கண்டு முழுவதும் பாழாகும். கதிரில் முதலில் ஒரு தாள் குழாய் செருகிக்கொண்டால் கண்டு அப்படியே கழன்று வரும்.

வேகம் எவ்வளவு? 60 செ.மீ. இழுத்து, முறுக்கி, சுற்றப் பத்து நொடி என்றால் மணிக்கு 216 மீட்டர். 90 செ.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் துணிக்கு, 20ஆம் நம்பரில் அங்குலத்துக்கு 44 பாவும் (நீளவாட்டு இழை) 40 ஊடையுமாக, சுமார் 3,200 மீட்டர் நூல் வேண்டும். பதினைந்து மணி நேரம். 1929இல் அகில இந்தியச் சர்க்கா சங்கம் எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூற்கும் ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது ஏன் என்று இந்தக் கணக்கைப் போட்டால் புரியும். அதற்குப் பிறகு தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் பல கதிர்களோடு செய்த ராட்டைதான், அவர் பெயரிலிருந்தே அம்பர் சர்க்கா ஆனது. விற்பனைக்கு நூற்க நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போங்கள். ஆனால் அது மில் பட்டையைக் கேட்கும், கையால் வாரிய கலப்புப் பட்டையை அவ்வளவாகச் சகிக்காது.

விற்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 1956ஆம் ஆண்டின் கதர் கிராமத் தொழில் ஆணையச் சட்டப்படி, இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு, ரோம நூலிலோ அவற்றின் கலப்பிலோ கைத்தறியில் நெய்ததுதான் கதர். பருத்தியும் எரியும் அதற்குள் அடங்கும். இலவம் அந்தப் பட்டியலில் இல்லை.

நூற்ற நூலை 50 மீட்டர் அளந்து நிறுங்கள். 20ஆம் நம்பர் என்றால் 1.48 கிராம் காட்ட வேண்டும், 1.7க்கு மேல் போனால் உங்கள் கை 17ஆம் நம்பரில் நிற்கிறது. தனிப் பருத்திச் சிட்டத்தைத் தளர்வாக நான்கு இடத்தில் கட்டி, துளி சோப்புப் போட்ட தண்ணீரில் அரை மணி கொதிக்கவைத்தால் முறுக்கு படியும். எரி கலந்ததைக் கொதிக்கவைக்க வேண்டாம். இட்லிப் பானையில் பதினைந்து நிமிடம் ஆவி காட்டி, கனமில்லாமல் தொங்கவிட்டு உலர்த்துங்கள். பாவுக்குப் போகும் ஒற்றை இழைக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்ற வேண்டாம்.

பெட்டிக்கு ஒதுக்கும் தொகையில் கால்வாசியைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நுண்சீப்பு ஒரு ஜோடி, நகைத் தராசு, நேரான கதிர் இரண்டு, கயிறு நாலு மீட்டர் அதில் வந்துவிடும். அதற்கும் பெட்டிக்கும் சேர்த்துப் பணம் போதாது என்றால், இந்த மாதம் சீப்பும் ஒரு தக்ளியும் வாங்கிப் பட்டை போடப் பழகுங்கள். பெட்டி அடுத்த மாதம் வரட்டும்.